விழுந்த இடத்தைப் படிப்போம்

(பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கற்பதற்குரிய பாடம்)



ஆண்டுதோறும் மே மாதம் வருகிறது. பொதுத்தேர்வு முடிவுகளும் வருகின்றன. வெற்றி பெற்ற பிள்ளையின் இல்லத்தில் இனிப்பு வழங்கப்படுகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையின் இல்லத்திலோ தொலைபேசி மணி அடித்தாலும் எடுப்பாரில்லை. "எத்தனை மதிப்பெண்?" என்று உறவினர் கேட்பார்களே என்னும் கலக்கம் தாய் தந்தையரையும் பற்றிக்கொள்கிறது. அந்நாள்களில் செய்தித்தாளைப் பிரிக்கவும் மனம் அஞ்சுகிறது. எங்கோ ஓர் ஊரில், தேர்வு முடிவைத் தாங்கமாட்டாத ஒரு பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி அதில் இருக்கக்கூடும். மூன்று மணி நேரத்தில் எழுதி முடித்த ஒரு தேர்வு, இனி வாழவேண்டிய ஆண்டுகள் அனைத்தையும் விடப் பெரியதாக ஒரு பிள்ளையின் கண்ணுக்குத் தோன்றியது எவ்வாறு? அத்தோற்றத்தை மாற்ற இல்லத்தில் உள்ள நாம் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களே இப்பாடத்தின் பொருள்.

பாடத்தின் நோக்கங்கள்

இப்பாடத்தை முடிக்கும்போது, தோல்வி அச்சம் எதனால் உண்டாகிறது என்பதை வாசகர் அறிவர். ஒரு தோல்வியை ஆராயும் முறையை எடுத்துக்காட்டுகளுடன் விளங்கிக்கொள்வர். அம்முறையைத் தம் பிள்ளையின் விடைத்தாளில் பயன்படுத்தக் கற்பர்.

1. அச்சம் எங்கிருந்து பிறக்கிறது?

முதல் வகுப்புக் குழந்தை சிலேட்டில் எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். 'அ' கோணலாக வருகிறது. குழந்தை சற்றும் தயங்காமல் உள்ளங்கையால் அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறது. பத்து முறை அழித்தாலும் அதன் முகம் வாடுவதில்லை. அதே குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது, ஆசிரியர் வினாக் கேட்டால் விடை தெரிந்திருந்தும் கையை உயர்த்தத் தயங்குகிறது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன?

சிலேட்டில் செய்த பிழை அழிந்துபோனது. குறிப்பேட்டில் செய்த பிழையின் மேல் சிவப்பு மை ஏறியது. அது எண்ணாக மாறியது. அவ்வெண் பக்கத்து இல்லப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடப்பட்டது. நாளடைவில் அதுவே அப்பிள்ளையின் பெயராகவும் ஆயிற்று. "இவன் கணக்கில் மந்தம்", "இவளுக்கு ஆங்கிலம் வராது" என்று நாம் சொல்லும் சொற்கள் பிழையைப் பற்றியவை அல்ல, பிள்ளையைப் பற்றியவை.

ஆகவே ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பிள்ளைகள் தோல்விக்கு அஞ்சுவதைக் காட்டிலும் தோல்விக்குப் பின் நேரப்போவதற்கே மிகுதியாக அஞ்சுகிறார்கள். தந்தையின் கோபம், தாயின் கண்ணீர், உறவினரின் ஒப்பீடு, 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம் ஆகியவையே அவர்களை நடுங்கச் செய்கின்றன. தோல்விக்குப் பின் என்ன நடக்கும் என்பது பிள்ளைக்கு முன்னதாகவே தெரிந்திருந்து, அது பாதுகாப்பானதாகவும் பயனுள்ளதாகவும் இருக்குமாயின் அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். "அஞ்சாதே" என்று நூறு முறை சொல்வதால் மட்டும் அது நீங்காது.

பாராட்டும் கூட அச்சத்தை வளர்க்கக்கூடும் என்பதை இவ்விடத்தில் கூறவேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்களான கிளாடியா மியூலர், கரோல் டுவெக் ஆகிய இருவரும் 1998-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, அவர்கள் அவற்றை விடுவித்த பின் ஒரு பகுதியினரை "நீ அறிவாளி" என்றும், மற்றொரு பகுதியினரை "நீ நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினர். அடுத்து மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்தனர், அனைவரும் இடறினர். பின்னர் முதலில் தந்தவற்றைப் போன்ற எளிய புதிர்களை மீண்டும் தந்தபோது, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னினும் நன்றாகச் செய்தனர். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களோ முன்னினும் குறைவாகவே செய்தனர். அவர்களுள் சிலர் தம் மதிப்பெண்ணைப் பிறருக்கு எழுதித் தெரிவிக்கும்போது கூட்டியும் எழுதினர். 'அறிவாளி' என்னும் பட்டத்தைச் சுமந்த பிள்ளைக்கு ஒரு தோல்வி, அப்பட்டம் பறிபோவதாகப் படுகிறது. அதனால் மறைக்கத் தோன்றுகிறது.

முயற்சியைப் புகழ்ந்துவிட்டால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இக்கருத்தை வகுப்பறைகளில் சொல்லிக்கொடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் மதிப்பெண் உயர்வு சிறிதளவே காணப்பட்டது. காரணம் விளங்கக்கூடியதே. வழி தெரியாதவனிடம் "இன்னும் முயற்சி செய்" என்று கூறினால், தவறான பாதையில் இன்னும் விரைவாக நடப்பான். முயற்சியோடு, எங்கே தவறினோம் என்று காணும் முறையும் வேண்டும்.

2. பிழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

ஆசிரியப் பயிற்சியில் 'குறையறி சோதனை' என்றும் 'குறைதீர் கற்பித்தல்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. முதலாவது, பிள்ளை இடறும் இடத்தைக் கண்டறிவது. இரண்டாவது, கண்டறிந்த இடத்தில் மட்டும் மருந்திடுவது. இவற்றை ஓர் எளிய கணக்கினால் விளக்குவோம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பின்வருமாறு கழித்திருப்பதாகக் கொள்க.

52 – 27 = 35
61 – 38 = 37
43 – 19 = 36

சரியான விடைகள் முறையே 25, 23, 24. மூன்றும் தவறு; மதிப்பெண் சுழியம். "கவனமே இல்லை" என்று தாளைத் தூக்கி எறிபவர் உண்டு. சற்று நின்று பாருங்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதைக் கண்ட பிள்ளை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என எழுதியுள்ளது. அடுத்த இரண்டிலும் அவ்வாறே. பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கவேண்டும் என்று தானாகவே ஒரு விதியை அமைத்துக்கொண்டு, அதனை மூன்று கணக்கிலும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. இப்பிள்ளையிடம் கவனம் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. பத்தைக் கடன் வாங்குதல் என்னும் ஒரு படி மட்டும் இல்லை.

இப்பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கணக்குகள் கொடுத்தால் ஐம்பதும் தவறாகவே வரும். அச்சமும் ஐம்பது மடங்கு வளரும். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் சிறிது நேரத்தில் விளங்கிவிடும். மூன்று கணக்கிலும் தோற்றதாகத் தோன்றிய பிள்ளை உண்மையில் ஒரே ஒரு படியில்தான் இடறியது. தோல்வியைப் படிக்கும்போது அது சிறிதாகிறது. படிக்காமல் விட்டால் பேருருவம் கொள்கிறது.

ஒரு கழித்தல் கணக்குக்குப் பொருந்தும் இம்முறை, ஒரு நாட்டின் பெருமுயற்சிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு நம் நாட்டு விண்வெளி ஆராய்ச்சியின் வரலாறே சான்று.

3. ஸ்ரீஹரிகோட்டா, 1979

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 என்னும் ஏவூர்தி முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. அதன் உயரம் 23 மீட்டர். எடை 17 டன். திட்ட இயக்குநராக இருந்தவர் இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். முதற்கட்டம் நன்றாக இயங்கிற்று. இரண்டாம் கட்டத்தில் ஏவூர்தி கட்டுப்பாட்டை இழந்தது. புறப்பட்ட 317 நொடிகளில் எல்லாம் முடிந்தது. பல ஆண்டு உழைப்பு வங்கக் கடலில் வீழ்ந்தது.

ஏவுவதற்கு முன் கணிப்பொறி ஒரு கசிவைச் சுட்டிக்காட்டி நிறுத்தம் செய்ததையும், வல்லுநர்களின் கருத்தைக் கேட்டுத் தாம் அதனை மீறி ஏவ முடிவு செய்ததையும் கலாம் அவர்கள் பின்னாளில் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். அன்று செய்தியாளர்கள் கூடியிருந்தனர். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் பேராசிரியர் சதீஷ் தவான். அவர் கலாமை முன்னிறுத்தவில்லை. தாமே செய்தியாளர்முன் அமர்ந்து, பொறுப்பைத் தம்மேல் ஏற்று, தம் குழுவின்மீது தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், அடுத்து வெற்றி பெறுவோம் என்றும் கூறினார்.

பின்னர் ஆராய்ச்சி தொடங்கியது. பிழைபட்ட உறுப்பு எது என்று தேடினர். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஓர் அடைப்பிதழ் சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்து வீணானது கண்டறியப்பட்டது. பதினேழு டன் ஏவூர்தியைக் கடலில் தள்ளியது ஓர் அடைப்பிதழ்! குறை திருத்தப்பட்டது. 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அடுத்த எஸ்.எல்.வி-3, 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளரைச் சந்திக்குமாறு தவான் அவர்கள் கலாமைப் பணித்தார். தோல்வியை மூத்தவர் ஏற்றார்; வெற்றியை இளையவருக்கு அளித்தார். இந்நிகழ்ச்சியைக் கலாம் அவர்கள் மாணவர்களிடையே பலமுறை எடுத்துரைத்தார்.

அத்துடன் தோல்விகள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி 1987 மார்ச்சிலும், 1988 ஜூலையிலும் தொடர்ந்து இருமுறை தோற்றது. 1992 மே மாதத்தில்தான் செயற்கைக்கோளைச் சுமந்து சுற்றுப்பாதையை அடைந்தது. இன்று நாட்டின் நம்பிக்கைக்குரிய ஏவூர்தியாக அறியப்படும் பி.எஸ்.எல்.வி-யும் 1993 செப்டம்பர் 20-இல் தன் முதற்பயணத்தில் தோற்றதே. 1994 அக்டோபர் 15-இல் வென்றது. ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. ஆகவே ஒரு தோல்வியைத் திருத்திவிட்டால் மறுதோல்வி வராது என்று யாரும் உறுதி கூறவியலாது. திருத்திய பிழை மீண்டும் வாராமல் காக்கலாம், அவ்வளவே.

4. நிலவில் விழுந்ததும் நின்றதும்

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பின்னிரவில் நம்மில் பலர் உறங்காமல் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருந்தோம். சந்திரயான்-2 திட்டத்தின் 'விக்ரம்' தரையிறங்கு கலம் நிலவை நெருங்கிக்கொண்டிருந்தது. தரையை அடையச் சிறிது தொலைவே இருந்தபோது தொடர்பு அறுந்தது. கலம் வேகமாக மோதி வீழ்ந்தது. நிறுவனத்தின் அன்றைய தலைவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த கே. சிவன் அவர்கள் கண்ணீர் விட்டதை நாடே கண்டது. தோல்வியுற்றவன் அழுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. அழுது முடித்தபின் அடுத்து எதைச் செய்கிறோம் என்பதே பொருள்.

அவர்கள் செய்தவை மூன்று.

முதலாவதாக, எது கெடவில்லை என்று பார்த்தனர். நிலவைச் சுற்றிவந்த சுற்றுக்கலன் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. ஓராண்டுக்கெனத் திட்டமிடப்பட்ட அது பல ஆண்டுகள் உழைத்தது. அதன் ஒளிப்படக்கருவி எடுத்த படங்களே அடுத்த முறை இறங்குமிடத்தைத் தெரிவு செய்ய உதவின. "சந்திரயான்-2 தோல்வி" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் இப்பயன் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவதாக, காரணங்களைப் பிரித்தறிந்தனர். வேகத்தைக் குறைப்பதற்கான எந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியான விசையைத் தந்தன. அதனால் உண்டான சிறு சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்தன. அவற்றைச் சரிசெய்யக் கலம் விரைந்து திரும்பவேண்டியிருந்தது; ஆனால் திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. இறங்குவதற்குக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் அளவுடைய சிறு சதுரம். அவ்விடத்தை அடையவேண்டி, கலம் வேகம் குறைக்கவேண்டிய நேரத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டது.

மூன்றாவதாக, திட்டமிடும் முறையையே மாற்றினர். எவையெவை கெடக்கூடும், கெட்டாலும் கலத்தைக் காப்பது எவ்வாறு என்னும் கேள்வியை முன்வைத்துச் சந்திரயான்-3 வடிவமைக்கப்பட்டதாக அப்போதைய தலைவர் எஸ். சோமநாத் அவர்கள் விளக்கினார். இறங்குமிடம் ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. எரிபொருள் கூட்டப்பட்டது. சற்று வேகமாக இறங்கினாலும் தாங்குமாறு கால்கள் உறுதியாக்கப்பட்டன. வேகத்தை அளக்க மற்றொரு கருவி சேர்க்கப்பட்டது. எப்பக்கம் திரும்பி இறங்கினாலும் மின்சாரம் கிடைக்குமாறு கூடுதல் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. நிலவுத் தரையை ஒத்த மண்ணில் சோதனை செய்வதற்கு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளிலிருந்து ஆக்கிய மண் முன்னரே பயன்பட்டு வந்தது. விண்ணில் விழாதிருக்க மண்ணில் பலமுறை சோதித்தனர்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அண்மையில் மெல்ல இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம்மவர் பலர் வாழும் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இரயில்வே ஊழியரின் மகன். பள்ளிக்குப் பின் தொழில்நுட்பப் பயிலகத்தில் பட்டயம் பெற்று, அதன்பின் பொறியியல் பயின்று ஆய்வுப் பட்டம் வரை சென்றவர். பிள்ளை பட்டயப் படிப்பில் சேர்ந்தால் அதையே ஒரு தோல்வியாக எண்ணி வருந்தும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்க.

5. விடைத்தாளைப் படிக்கும் முறை

மேற்கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து நம் இல்லங்களுக்கு நான்கு படிகளை அமைத்துக்கொள்ளலாம்.

முதற்படி: மூத்தவர் முன்னிற்றல். முடிவு வந்த அன்று உறவினர் கேட்கும் கேள்விகளுக்குப் பெற்றோரே விடையளிக்கவேண்டும். "எங்கள் பிள்ளை அடுத்த தேர்வுக்கு ஆயத்தம் செய்கிறது" என்னும் ஒரு வாக்கியம் போதும். பிள்ளையை அழைத்து நிறுத்தி விடை சொல்லச் செய்யலாகாது. அன்றைய நாளில் ஆராய்ச்சியும் வேண்டா, அறிவுரையும் வேண்டா. உணவு, உறக்கம், உடனிருத்தல் ஆகிய மூன்றும் போதும். தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம் பெற்றோர் பட்டியலை அரசு வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அரசே கைவிட்ட தரவரிசையை நம் இல்லத்துக் கூடத்தில் நாம் வெளியிட வேண்டுமோ?

இரண்டாம் படி: கெடாததைக் காணல். ஓரிரு நாள் கழித்துத் தாளை எடுத்து, சரியாக எழுதிய விடைகளை முதலில் பிள்ளையே எண்ணட்டும். 28 மதிப்பெண் பெற்ற தாளிலும் 28 மதிப்பெண்ணுக்கு உரிய அறிவு இருக்கிறது. அடுத்த முயற்சி அதன்மேல்தான் எழும்பவேண்டும்.

மூன்றாம் படி: பிழைகளைப் பிரித்தல். ஒரு தாளில் நான்கு கட்டம் வரைந்து, ஒவ்வொரு பிழையையும் உரிய கட்டத்தில் எழுதச் செய்க. (அ) படிக்காததால் தெரியாதவை. (ஆ) படித்தும் தவறாக விளங்கிக்கொண்டவை. (இ) தெரிந்திருந்தும் வினாவைச் சரியாகப் படிக்காமலோ, எண்ணை மாற்றி எழுதியோ இழந்தவை. (ஈ) நேரம் போதாமல் விடுபட்டவை. இந்நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குப் படிப்பு, இரண்டாவதற்கு ஆசிரியரின் விளக்கம், மூன்றாவதற்கு இறுதிப் பத்து நிமிடச் சரிபார்ப்பு, நான்காவதற்குக் கடிகாரம் வைத்து எழுதும் பயிற்சி. நான்கையும் "ஒழுங்காகப் படி" என்னும் ஒரே சொல்லால் தீர்க்க முயல்வது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே கசாயம் கொடுப்பதற்கு ஒப்பாகும். மேனிலைப் பொதுத்தேர்வாயின் விடைத்தாள் நகல் பெறவும், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. நகல் பெறுவதன் முதற்பயன் மதிப்பெண் கூடுவதன்று. பிழையைக் கண்ணால் காண்பது.

நான்காம் படி: இறங்குமிடத்தை விரிவாக்கல். ஒரே கல்லூரி, ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண் என்று குறித்துக்கொள்வது 500 மீட்டர் சதுரத்தில் இறங்க முயல்வதாகும். விரும்பிய படிப்பு கிடைக்காவிடில் அடுத்தது எது, அதற்கும் அடுத்தது எது என்பதைத் தேர்வுக்கு முன்பே, அமைதியான ஒரு நாளில், குடும்பத்துடன் பேசி எழுதி வைக்கவேண்டும். தேர்ச்சி பெறாதவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடைபெறுகிறது என்பதையும் பிள்ளை முன்னரே அறிந்திருத்தல் நலம். மாற்றுவழியை அறிந்த பிள்ளை முயற்சியில் தளரும் என்று சிலர் அஞ்சுவர். நடைமுறையில் காண்பது வேறு. கீழே வலை கட்டியிருப்பதை அறிந்தவனே கயிற்றின்மேல் கால் நடுங்காமல் நடக்கிறான்.

இவற்றோடு ஒன்று சேர்த்துக்கொள்க. பள்ளியில் நடக்கும் மாதிரித் தேர்வு, சித்தம்பூண்டி மண்ணைப் போன்றது. அது விழுந்து பார்ப்பதற்கென்றே அமைந்த இடம். அங்கே விழுந்த பிள்ளையைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அது விழுந்ததை மறைக்கும். பிழையைக் காணும் வாய்ப்பு நமக்கு இல்லாமற்போகும்.

6. சில எச்சரிக்கைகள்

தோல்வி யாவும் வெற்றியின் படிக்கட்டே என்று மேடையில் பேசுவது எளிது. எல்லாத் தோல்வியும் வெற்றியில் முடிவதில்லை. 2019-இல் வீழ்ந்த விக்ரம் கலம் மீண்டும் எழவில்லை. எழுந்தது வேறொரு கலம். சில வேளைகளில் அதே தேர்வை மூன்றாம் முறை எழுதுவதைவிட வேறு வழி தேர்வதே அறிவுடைமை. நான்கு கட்டத் தாளை இரண்டு முறை நிரப்பிப் பார்த்தும் அதே கட்டம் நிறைந்திருக்குமாயின், பிள்ளையின் விருப்பத்தையும் இயல்பையும் உசாவி வழியை மாற்றலாம். அவ்வாறு மாற்றுவது ஓட்டமன்று. தேர்ந்து எடுத்த முடிவு.

தோல்விக்குக் காரணம் எப்போதும் பிள்ளையிடமே இருப்பதும் இல்லை. கண்பார்வைக் குறைவு, எழுத்துகளைப் பிரித்தறிவதில் உள்ள கற்றல் குறைபாடு, இல்லத்து நோய், பணமுடை ஆகியவையும் மதிப்பெண்ணாக வெளிப்படும். இவற்றைப் பிள்ளையின் சோம்பலாக எண்ணுவது அநீதி.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை இது. தோல்விக்குப் பின் ஒரு பிள்ளை பல நாள் உண்ணாமலும் உறங்காமலும் இருந்தாலும், "நான் இருந்து என்ன பயன்" என்பது போலப் பேசினாலும், தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலும், அது நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடலாகாது. நேராகக் கேட்டுப் பேசுங்கள். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தமிழக அரசின் 104 என்னும் தொலைபேசி எண்ணிலும், 2022-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். இவ்விரு எண்களையும் தேர்வு மாதத்தில் நாட்காட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

7. பெரியோருக்கும் இப்பாடம் உரியதே

நெல் வியாபாரத்தில் நட்டம், பாத்திரக் கடையில் முடக்கம், வேலை உயர்வு கிட்டாமை என்று பெரியவர்களுக்கும் பின்னடைவுகள் உண்டு. அவற்றைப் பிள்ளைகள் அறியாமல் மறைப்பதே நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். வயதுக்கேற்ற அளவில் சொல்வதே நல்லது. "இவ்வாண்டு இந்தச் சரக்கில் நட்டம் வந்தது, காரணம் இன்னது என்று கண்டோம், அடுத்த ஆண்டு இவ்வாறு செய்யப்போகிறோம்" என்று தந்தை அமைதியாகச் சொல்வதைக் கேட்கும் பிள்ளை, தோல்விக்குப் பின்னும் மனிதர் உணவுண்டு, கணக்கெழுதி, காலையில் கடை திறக்கிறார் என்பதை நேரில் கற்கிறது.

நம் குடும்பங்களுக்கு இது புதியதன்று. பிரதிக்கிரமணம் என்னும் கடமையில் அன்றன்று நேர்ந்த குறைகளை நாமே நினைந்து, எடுத்துரைத்து, மீளவும் செய்யாதிருக்க உறுதி பூணுகிறோம். அங்கே குறை ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது. குறை செய்தவர் இகழப்படுவதில்லை. உயிரின் குறைகளுக்கே இத்தகைய பொறுமை உண்டெனில், ஒரு கணக்குத் தாளின் குறைகளுக்கு இல்லாமற் போகலாமா?

இல்லத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் இல்லத்தில் கடைசியாக ஒரு பிள்ளை குறைந்த மதிப்பெண் பெற்றபோது முதலில் சொல்லப்பட்ட சொல் எது? அது பிழையைப் பற்றியதா, பிள்ளையைப் பற்றியதா?

2. 1979-இல் பேராசிரியர் சதீஷ் தவான் செய்ததைப் போல, நம் குடும்பத்தில் பிள்ளைக்கு முன்னின்று பேசக்கூடியவர் யார்? பிள்ளைகளே விடை கூறட்டும்.

3. 74 – 46 = 32 என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அது எந்த விதியைப் பின்பற்றியிருக்கிறது? எவ்வாறு விளக்குவீர்கள்?

4. சந்திரயான்-2 திட்டத்தில் கெடாதிருந்தது எது? அது பின்னர் எவ்வாறு பயன்பட்டது? உங்கள் சென்ற தேர்வில் கெடாதிருந்தது எது?

செய்முறை

அடுத்து வரும் காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் இல்லத்துக்கு வரும்போது, மதிப்பெண்ணைப் பார்த்துக் கையொப்பமிடுவதற்கு முன், பிள்ளையுடன் அமர்ந்து நான்கு கட்டத் தாளை ஒரு பாடத்துக்கு மட்டும் நிரப்புக. அரைமணி நேரம் போதும். அத்தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அரையாண்டுத் தேர்வின் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க. எந்தக் கட்டம் குறைந்தது என்பதைப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லட்டும்.